பேஸ் கித்தாரின் உலோக மூடிகள்

இசைக்கருவியின் உறுப்புகளுள் சில ஒலியை எழுப்புவதற்கென அமைந்தவை. வேறு சில, எழுந்த ஒலியை அடக்கவும் காக்கவும் அமைந்தவை. முதல் வகையைப் பற்றி நூல்கள் பலவும் பேசும். இரண்டாம் வகை பெரும்பாலும் கவனிக்கப்படாமலே போய்விடுகிறது. அவ்வாறு கவனிப்பாரற்றுப் போன இரண்டு சிறு உறுப்புகளின் வரலாற்றை இங்கே ஆராயப் புகுகின்றோம். பேஸ் கித்தார் என்று வழங்கும் நான்கு கம்பி மின்கருவியின் மேல் முன்னாளில் பொருத்தப்பட்டு வந்த குரோமியப் பூச்சுள்ள உலோக மூடிகளே அவை. ஒன்று கம்பிகள் வந்து முடியும் குதிரையை மூடியது. மற்றொன்று கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப்பின் மேல் ஒரு சிறு வளைவுப் பாலம்போல் நின்றது.

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக மலையேறி வண்டன்மேட்டை அடைவோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது ஏலக்காயே அன்றி இசை அன்று. ஆயினும், உடும்பஞ்சோலை வட்டத்தின் இம்மலையூர்களில் திருவிழாக் காலம் வந்துவிட்டால், மலையாளிகள் கானமேளா என்றும் தமிழர்கள் மெல்லிசைக் கச்சேரி என்றும் கூறும் இரவு நிகழ்ச்சி இன்றியமையாதது. தேவாலயப் பாடற்குழுக்களிலும் கித்தாருக்கு இடமுண்டு. இரு மொழிப் பாடல்களையும் ஒரே மேடையில் ஒலிக்கச் செய்யும் இக்குழுக்களில் பேஸ் கித்தார் வாசிப்பவர் பெரும்பாலும் பின்வரிசையில் நிற்பார். பாடகரைப் போல அவரை யாரும் பெயர் சொல்லிக் கொண்டாடுவதில்லை. அவர் கையிலுள்ள கருவியில் மூடிகள் இரா. பழைய அமெரிக்கக் கருவிகளின் படங்களில் அவை பளபளத்து நிற்பதைக் காணும் இளைஞர், அவை வெறும் அணிகலன்களே என்று முடிவு செய்துவிடுகின்றனர். அம்முடிவில் பாதிதான் மெய்.

இக்கருவி பிறந்த சூழலை முதலில் நோக்குவோம். மேலைநாட்டு நடனக் குழுக்களில் அடித்தொனியை வழங்கி வந்தது டபுள் பேஸ் என்னும் பெரிய மரக்கருவி. ஆளுயரத்தை விஞ்சும் அதனை ஊர் ஊராகச் சுமப்பது பெருந்தொல்லை. முரசும் ஊதுகருவிகளும் முழங்கும்போது அதன் ஒலி கேட்பதும் அரிது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே மெட்டுகள் பொருத்திய மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார், அது பரவவில்லை. கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை நடத்தி, பிறகு கித்தார் செய்யும் தொழிலில் இறங்கிய லியோ பெண்டர் (1909–1991) 1951-இல் வெளியிட்ட ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற கருவியே நிலைபெற்றது. அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரிய செய்தி. மெட்டுகள் இருப்பதால் சுருதி பிசகாது. அதனாலேயே ‘துல்லியம்’ என்னும் பொருள்படும் பெயர். கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே வாசிக்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. டபுள் பேஸில் குடற்கம்பியை விரலால் தட்டினால் ஒலி ‘தும்’ என எழுந்து விரைவில் அடங்கும். அடுத்த சுரத்துக்கு இடம் விட்டுவிடும். உலோகக் கம்பியை இறுகிய கட்டை மரத்தின்மேல் கட்டி மின்னால் பெருக்கினாலோ, ஒலி நெடுநேரம் நீண்டு ஒலித்து ஒன்றோடொன்று கலந்து குழம்பும். நடனக் குழுத் தலைவர்களுக்கு வேண்டியிருந்தது பழைய பேஸின் ஒலியே. பெட்டியும் சுமையும் மட்டுமே அவர்களுக்கு வேண்டாதிருந்தன. குதிரையின் மேலிருந்த மூடி இங்கேதான் பயன்பட்டது. அதன் உட்புறத்தில் நுரை ரப்பர்த் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தனர். மூடியைப் பொருத்தியவுடன் அந்த ரப்பர் கம்பிகளின்மேல் குதிரைக்கு அண்மையில் மெல்ல அழுந்தும். அதிர்வு அடங்கும், ஒலி குறுகி, உருண்டு, மரத்தின் தன்மையோடு வெளிப்படும். வெளியே பளபளத்த தகடு உண்மையில் அந்த ரப்பர்த் துண்டைத் தாங்கும் கையே ஆகும்.

இதனை வெறும் ஊகமென்று எண்ண வேண்டா. 1960-இல் அதே நிறுவனம் ‘ஜாஸ் பேஸ்’ என்ற மற்றொரு கருவியை வெளியிட்டபோது, நான்கு கம்பிகளுக்கும் தனித்தனியே வில்லோடு கூடிய கம்பளித் துண்டு அடக்கிகளை அமைத்தது. செலவும் உழைப்பும் மிகுந்த ஏற்பாடு அது. சில ஆண்டுகளில் அதனைக் கைவிட்டு, மூடிக்குள் நுரை ரப்பர் ஒட்டும் எளிய வழிக்கே திரும்பினர். அழகுக்காக மட்டும் மூடி வைத்திருப்பின், அடக்கும் பொறியை இத்தனை முயற்சியோடு செய்து பார்த்திருப்பார்களா? ஒலியை அடக்குதல் அக்காலத்துக் கருவியின் இலக்கணத்திலேயே சேர்ந்திருந்தது என்பது நம் துணிபு.

மற்றொரு சான்றும் உண்டு. பழைய பிரிசிஷன் பேஸில், மெல்லிய கம்பிக்குக் கீழ்ப்புறத்தில் சிறு மரக்கட்டை ஒன்று திருகப்பட்டிருந்தது. விரல்களை அதில் பற்றிக்கொண்டு கட்டைவிரலால் கம்பியைத் தட்ட வேண்டும் என்பது செய்தவர் கருத்து. அவ்வாறு வாசிப்பவரின் கை, குதிரைப் பக்கம் போகத் தேவையே இல்லை. ஆகவே குதிரையை மூடி வைப்பது யாருக்கும் இடையூறு அன்று. கையின் வியர்வை குதிரையின் சிறு திருகாணிகளைத் துருப்பிடிக்கச் செய்யாமல் தடுப்பதும் ஒரு நன்மை. பின்னாளில், 1974 அளவில், அக்கட்டை தடித்த கம்பியின் பக்கத்துக்கு மாறியது. வாசிப்போர் கட்டைவிரலை அதில் ஊன்றிக்கொண்டு ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் வாசிக்கப் பழகிவிட்டதை நிறுவனம் காலந்தாழ்த்தி ஒப்புக்கொண்டது போலும்.

நம் நாட்டு வீணையையும் தம்பூராவையும் அறிந்தவர்க்கு இஃது ஒரு சுவையான ஒப்புமை. வீணையின் குதிரைமேல் உலோகத் தகடு பதித்திருப்பது நாதம் நீண்டு ஒலிப்பதற்காக. தம்பூராவின் குதிரையில் கம்பிக்கு அடியில் ‘ஜீவா’ என்னும் நூலை இடுவது ஒலியில் கார்வையும் சுநாதமும் மலர்வதற்காக. அங்கே ஒரு நூல் ஒலியைத் திறந்துவிடுகிறது. இங்கே ஒரு ரப்பர்த் துண்டு ஒலியை மூடிவைக்கிறது. இரண்டும் குதிரைக்கு அருகிலேயே நிகழ்கின்றன. ஏனெனில் கம்பியின் குணத்தை மாற்ற மிகச் சிறிய தொடுகையே போதுமான இடம் அதுதான்.

இனிப் பிக்கப்பின் மேலிருந்த மூடிக்கு வருவோம். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பர். எஃகுக் கம்பி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கும். அதனை ஒலிபெருக்கி வளர்த்துத் தரும். இதன் முன்னோடி 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்ற மின்கித்தார். அதில் குதிரைலாட வடிவக் காந்தங்கள் இரண்டு கம்பிகளின் மேலாகவே வளைந்து நின்றன. கம்பிகள் அவற்றின் நடுவே புகுந்து சென்றன. பார்ப்பவர்க்கு மூடிபோல் தோன்றிய அப்பகுதி அங்கே காந்தமேதான். கழற்றினால் கருவி ஊமையாகும். அந்நிறுவனம் பின்னர்ச் செய்த பேஸ் கித்தார்களிலும் 1960களின் இறுதி வரை இவ்வமைப்பு இருந்தது. பிறகு வந்தவற்றில் காந்தம் சுருளுக்கடியில் மறைய, அதே இடத்தில் உலோக மூடி ஒன்று மட்டும் வளைந்து நின்றது. உறுப்பு போனபின் அதன் உருவம் எஞ்சியது.

பெண்டர் கருவிகளின் பிக்கப் மூடிக்கு வேலை இரண்டு. வாசிப்பவர் கையை ஊன்ற இடம் தருவது ஒன்று. வெளி இரைச்சலைத் தடுப்பது மற்றொன்று. ஒற்றைச் சுருள் பிக்கப், கம்பியின் அதிர்வை மட்டும் வாங்கிக்கொண்டு நிற்பதில்லை. சுற்றியுள்ள மின்கம்பிகள், குழல்விளக்குகள், மின்மாற்றிகள் ஆகியவற்றின் அலைகளையும் வாங்கிக்கொண்டு உறுமும். 1951-இல் வெளிவந்த முதல் பிரிசிஷன் பேஸ் ஒற்றைச் சுருளே உடையது.

பேஸ் கித்தாரில் இவ்வுறுமல் மற்றக் கருவிகளினும் கொடியது என்பதற்குக் கணக்கு ஒன்று உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. பேஸ் கித்தாரின் தடித்த கம்பியின் திறந்த சுரம் ஏறத்தாழ 41 அதிர்வு. அக்கம்பியின் மூன்றாம் மெட்டில் பிறக்கும் சுரம் 49 அதிர்வு. ஆக, மின்சாரத்தின் உறுமல் கருவியின் சுர வரிசைக்குள்ளேயே, ஒரு சுரத்துக்கு மயிரிழை பிசகிய சுருதியில் வந்து அமர்ந்துவிடுகிறது. வாசிப்பவர் அச்சுரத்தைத் தொடும்போதெல்லாம் இரண்டும் மோதி ஒலி அலைபாயும். அமெரிக்காவில் மின்சாரம் 60 முறை அலைவது. அது வேறோர் இரு சுரங்களுக்கு இடையே விழும். ஆங்கே செய்த கருவி இங்கே வந்து சேர்ந்தபோது தொல்லையும் இடம் மாறி வந்தது எனலாம்.

மூடி இத்தொல்லையை எந்த அளவு தீர்த்தது? இங்கே மிகைப்படுத்திச் சொல்வோர் பலர். நிலக்கம்பியோடு இணைக்கப்பட்ட உலோகத் தகடு, மின்புலத்தால் வரும் ‘கிர்ர்’ என்ற இரைச்சலைத் தடுக்கும்; குழல்விளக்கின் இரைச்சலில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. நிலக்கம்பியோடு இணையாத தகட்டால் பயன் மிகக் குறைவு. மின்மாற்றியிலிருந்து வரும் காந்தப்புல உறுமலையோ மெல்லிய தகடு தடுப்பது அரிது. அதற்கு உண்மை மருந்து 1957-இல் வந்தது. அவ்வாண்டு பிரிசிஷன் பேஸின் பிக்கப்பை இரண்டு துண்டுகளாகப் பிரித்து, ஒன்றன் சுற்றும் காந்தமும் மற்றதற்கு எதிராக இருக்குமாறு அமைத்தனர். கம்பியின் ஒலி கூடும். உறுமலோ ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதன்பின் மூடியின் காவற்பணி குறைந்துவிட்டது. கை ஊன்றும் இடமாகவும் அணியாகவும் அது தொடர்ந்தது. அக்காலத்து மோட்டார் வண்டிகள் குரோமியத்தால் மின்னியதை நினைத்தால், கருவியிலும் அம்மினுமினுப்பை மக்கள் விரும்பியதில் வியப்பில்லை.

நிலக்கம்பி என்றோமே, அதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் இஃது இரைச்சலோடு முடியும் செய்தி அன்று. மின்கித்தாரின் கம்பிகளும் குதிரையும் நிலக்கம்பியோடு இணைக்கப்பட்டவை. அவற்றைத் தொடும் உலோக மூடியும் அவ்வாறே. ஒலிபெருக்கியின் ‘எர்த்’ செம்மையாக இருக்கும்வரை இது வாசிப்பவர்க்குக் காப்பு. அது அறுந்திருந்தாலோ, பெருக்கியில் பழுது நேர்ந்திருந்தாலோ, அதே உலோகம் மின்சாரத்தைக் கைக்குக் கொண்டு வரும் வழியாகிவிடும். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, கருவியைக் கையில் வைத்துக்கொண்டே எர்த் இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். மழைநீர் ஊறிய மண்மேல் பந்தலிட்டு, டீசல் மின்னாக்கியிலிருந்து கம்பி இழுத்து, மூன்றுமுனைச் செருகியின் எர்த் முனையைப் பயன்படுத்தாமல் கச்சேரி தொடங்கும் வழக்கம் மலைப்பகுதிகளில் அரிதன்று. உறுமல் குறைகிறதென்று எர்த் கம்பியைக் கழற்றிவிடுவோரும் உளர். உறுமல் போய்விடும், காப்பும் அதனோடு போய்விடும்.

இடுக்கி மலைகள் மின்சாரத்துக்கே தாயகம் என்பதையும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1940-இல் மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1976-இல் இடுக்கி அணையின் மின்திட்டம் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அதே 1976-இல்தான், இம்மலைகளின் கிழக்கு அடிவாரமான கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரம் என்னும் ஊரில் 1943-இல் பிறந்த இளையராஜா, ‘அன்னக்கிளி’ படத்தின் வாயிலாகத் தமிழ்த் திரையிசையில் அறிமுகமானார்.

அவர் தமையனார் பாவலர் வரதராஜன் 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காக மலைத்தோட்டங்களில் பாடியவர். தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் ஆர்மோனியமும் தாளமும் கொண்டு வளர்ந்த இசை அது. 1960களின் இறுதியில் சென்னை சேர்ந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையும் கித்தாரும் பயின்றார். அவருடைய இசைக்குழுவில் சசிதரன் போன்றோர் வாசித்த பேஸ் கித்தார், தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் நிலையை விட்டு, பாட்டுக்கு அடியில் ஓடும் மற்றொரு பாட்டாகவே ஆயிற்று. வண்டன்மேட்டு மேடையில் இன்று பேஸ் வாசிக்கும் இளைஞர் பயிலும் பாடம் பெரும்பாலும் அப்பாடல்களே.

இங்கேதான் மூடிகளின் வரலாறு அவருக்கு நேரே தொடர்புடையதாகின்றது. பழைய ஒலிப்பதிவில் பேஸின் சுரம் குறுகி, உருண்டு, இடைவெளி விட்டு ஒலிக்கின்றது. அதனை வாசிக்க முயலும் அவர், புதிய சுருள்கம்பிகள் மாட்டிய கருவியில், மூடியும் ரப்பரும் இல்லாமல், அதே சுரங்களை அதே இடங்களில் தொடுகின்றார். ஒலி ஒட்டவில்லை. தம் விரலையும் ஒலிபெருக்கியையும் குறை கூறிக்கொள்கிறார். சுரம் எங்கே தொடங்குகிறது என்பதை அவர் கற்றுக்கொண்டார். எங்கே முடிய வேண்டும் என்பதைக் கற்பிக்கக் கருவியில் இருந்த ஆசான் கழற்றப்பட்டுவிட்டான்.

கழற்றியவர் யார்? வாசிப்போரே. மேலைநாட்டிலும் அதிக நாள் மூடியை வைத்துக்கொண்டவர் சிலரே. பெண்டர் கித்தாரின் குதிரை மூடியைக் கழற்றிச் சிகரெட் சாம்பல் தட்ட வைத்துக்கொண்டனர். ‘சாம்பல் தட்டு’ என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. 1960களின் நடுவில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனம் செய்த சுருள்கம்பிகள், பியானோவைப் போன்ற கணீரென்ற நீண்ட ஒலியைத் தந்தன. அவ்வொலியை விரும்பியவர்க்கு அடக்கி எதற்கு? கட்டைவிரலால் அறைந்தும் விரலால் பிடுங்கி இழுத்தும் வாசிக்கும் முறை வந்தபின் பிக்கப் மூடியும் கைக்கு முட்டியது. 1976-இல் தம் முதல் தனி இசைத்தட்டை வெளியிட்ட ஜாக்கோ பஸ்டோரியஸ் (1951–1987), குதிரைக்கு நெருங்கிய பிக்கப்பின் மேலேயே விரல் வைத்து வாசித்தார்; ஜாஸ் பேஸில் அவ்விடத்தைக் குதிரை மூடிதான் மறைத்திருந்தது. மெட்டுகளையும் அகற்றிவிட்ட கருவி அவருடையது. அவர் இசையைக் கேட்டவர் எவரும் மூடியைத் திரும்ப மாட்ட விரும்பியிரார். 1980களின் தொடக்கத்தோடு பெண்டர் நிறுவனமும் வழக்கமான கருவிகளில் மூடி பொருத்துவதை விட்டுவிட்டது.

எதிர்த்திசையில் நின்றவர்களையும் மறக்கலாகாது. டெட்ராய்ட் நகர மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983), 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ் ஒன்றை மூடிகளோடும் உள்ளிருந்த ரப்பரோடும் அப்படியே வைத்துக்கொண்டார். பிக்கப் மூடியின்மேல் மற்ற விரல்களை ஊன்றி, ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே வாசித்தார். கம்பிகளையும் அறுந்தாலொழிய மாற்றமாட்டார். உலகம் முழுவதும் கேட்ட எத்தனையோ பாடல்களின் அடித்தொனி அந்த மூடிக்கடியில் பிறந்தது. அவர் மறைவுக்குச் சற்று முன்னர் அக்கருவி களவு போய்விட்டது. ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடங்களில் பணியாற்றிய கரோல் கே அம்மையார் வேறு வழி கண்டார். குதிரைக்கு அருகே கம்பிகளின்மேல் கம்பளித் துண்டு ஒன்றை வைத்து, தகட்டால் மீட்டினார். வேண்டியது மூடி அன்று, அதன் உள்ளே இருந்த பொருள் என்பதை அவர் வாசிப்பு காட்டுகின்றது.

மலையூர் வாசிப்பவர்க்கு இச்செய்தி பயன்படும் என்று எண்ணுகின்றோம். உலோக மூடிக்கு இன்று விலை அதிகம். பழைய நுரை ரப்பரோ நாளடைவில் பொடிந்து பிசுபிசுத்துப் போகும். ஏலமலையின் பனியிலும் மழையிலும் அது ஈரத்தை உறிஞ்சிவைத்துக் குதிரையைத் துருப்பிடிக்கவும் செய்யும். கைப்பிடியளவு பஞ்சுத் துண்டு ஒன்றைக் கம்பிகளுக்கு அடியில், குதிரைக்கு முன்னால் செருகி வாசித்துவிட்டு, கச்சேரி முடிந்ததும் எடுத்து உலர்த்தி வைப்பதே இவ்விடத்துக்கு ஏற்றது. பஞ்சின் தடிப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். கம்பியை மிக அழுத்தினால் சுருதி ஏறிவிடும். உள்ளங்கையின் ஓரத்தைக் குதிரைமேல் வைத்துக் கட்டைவிரலால் வாசிப்போர்க்கு அப்பஞ்சும் தேவைப்படாது. தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் வேண்டும் அழுத்தம் வேறு. கை அதனைத் தானே அறிந்து சரிசெய்துகொள்ளும், ரப்பரால் அது முடியாது.